மாரியம்மனும் மழைமானியும்

கூடலூரிலிருந்து வரும் சாலை நாடுகாணியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று வயநாட்டை நோக்கிப் போகும். மற்றொன்று வளைந்து வளைந்து நிலம்பூருக்கு இறங்கும். இறங்குகிற வளைவில் நின்றால் கேரளத்துக் காடு கண்ணுக்கு எட்டிய மட்டும் விரிந்து கிடக்கும். நாட்டைக் காணும் இடம் என்பதால் நாடுகாணி என்று ஊரில் சொல்வார்கள். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவமழை மலையேறியதும் மோதுகிற சரிவு இது. பக்கத்திலிருக்கும் தேவாலா, தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று.

1964ஆம் ஆண்டின் ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத்திலிருந்து பெயர்த்தெடுத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தாயகம் திரும்பியோருக்காக அரசு இந்தச் சரிவுகளில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. அப்பாவுக்கு அங்கே வேலை கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் மலை வேலையோடு மழையளவு எடுக்கும் பொறுப்பையும் கொடுத்தார்கள்.

அவருடைய காலை எட்டரை மணி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதற்கு முன்பே குளித்துவிட்டு, சாமி மாடத்தில் விளக்கேற்றி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். மாடத்தில் இருந்தது ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து துணியில் சுற்றி எடுத்துவந்த மாரியம்மன் படம். “ஆத்தா, அளவாப் பெய்யட்டும்” என்பது மட்டுமே அவருடைய வேண்டுதல். பிறகு தோட்டத்து ஆபீஸ் முற்றத்துக்குப் போவார். ஆபீஸில் எல்லோரும் ரெயின் கேஜ் என்பார்கள். மழைமானி என்ற சொல்லை நான் பிறகு பாடப்புத்தகத்தில்தான் படித்தேன். செம்புப் புனலைக் கழற்றி, உள்ளே இருக்கும் குப்பியை எடுத்து, நீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்காருவார். கண்ணாடிக்குள் தண்ணீர் ஓரத்தில் சற்று ஏறி, நடுவில் குழிந்து நிற்கும். அந்தக் குழியின் அடியைத்தான் படிக்க வேண்டும். கண்ணும் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஓர் அளவு காட்டும், கீழிருந்து பார்த்தால் வேறு அளவு காட்டும்.

“ரெண்டு இஞ்ச் நாப்பது சென்ட்” என்று வாய்விட்டுச் சொல்லி நோட்டில் எழுதுவார். இஞ்சில் நூறில் ஒரு பங்கு, தோட்டத்துக் கணக்கில் ஒரு சென்ட். மழையே இல்லாத நாளிலும் குப்பியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு ‘நில்’ என்று எழுதுவார். ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதியது அது. சிறு வயதில் அதை, மழையைப் பார்த்து அப்பா இடும் கட்டளை என்றே நினைத்திருந்தேன்.

அளவாகப் பெய்யட்டும் என்று கும்பிட்டுவிட்டு வந்தவர்தான் அவர். ஆனால் ஆடி மாதத்தில் அளவு மீறிப் பெய்தபோது, வேண்டுதலுக்குப் பொருந்தும்படி ஒரு சென்ட்கூடக் குறைத்து எழுதியதில்லை. பங்குனியில் கொழுந்து காய்ந்து, ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆசைக்காக ஒரு சென்ட் கூட்டியதும் இல்லை. மத நம்பிக்கையும் அறிவியல் சிந்தனையும் ஒரே இடத்தில் வாழ முடியுமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அந்த முற்றம்தான் நினைவுக்கு வரும்.

ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மைதான். அதே வீட்டில்தான் என் தங்கை இறந்தாள்.

அன்று

1979, ஆடி மாதம். தங்கைக்கு எட்டு மாதம். காய்ச்சலோடு உடம்பெல்லாம் செந்தடிப்பு வந்தது. தட்டம்மை. அப்பாயி வாசல் நிலையில் வேப்பிலை செருகினார். இந்த ஈர மலையில் வேம்பு எளிதில் கிடைக்காது. சந்தைக்குப் போன யாரிடமோ சொல்லி வரவழைத்த கொத்து அது. ஆத்தா வந்திருக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, மருந்து வாசனையே ஆகாது. ஊசி போட்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாள். மூன்றாம் நாள் குழந்தைக்கு மூச்சு இரைத்தது. நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி ஒரு மைல் தூரம்கூட இல்லை. போகலாமா என்று அம்மா கேட்டார். அப்பா தன் தாயின் முகத்தைப் பார்த்தார். அப்பாயி சாமி மாடத்தைப் பார்த்தார். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தட்டம்மை பெரும்பாலும் தானாக ஆறிவிடும். அதைத் தொடர்ந்து வரும் நிமோனியாதான் கைக்குழந்தைகளைக் கொல்லும். அதற்கு அன்றைக்கே மருந்து இருந்தது. தட்டம்மைத் தடுப்பூசி நாடு தழுவிய திட்டத்தில் சேர்ந்தது 1985இல். அதை எண்ணி மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒரு மைல் தூரத்துக்கு எந்தச் சமாதானமும் இல்லை.

பெய்யும் மழையைச் சென்ட் கணக்கில் அளந்த மனிதர், பெற்ற மகளின் காய்ச்சலை ஒரு முறைகூட அளக்கவில்லை. ஏன் என்று நாற்பது வருடமாக யோசித்திருக்கிறேன். பக்திதான் காரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்தி அவருக்கு எல்லா நாளும் இருந்தது. அந்த முற்றத்தில் அது அவர் கையைப் பிடித்து இழுத்ததே இல்லை. அந்த மூன்று நாட்களில் புதிதாக வந்து சேர்ந்தது பயம். தெய்வக் குற்றமாகிவிடுமோ, ஊர் என்ன சொல்லுமோ, ஊசி போட்ட பிறகு ஏதாவது ஆகிவிட்டால் பழி யார் மேல் விழுமோ என்ற பயம். பயம் வந்ததும் அவர் கண் மட்டத்திலிருந்து விலகிவிட்டது.

காரியம் முடிந்த மறுவாரம் அப்பா கூடலூருக்குப் போய்வந்தார். கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிவந்து, உறையோடு சாமி மாடத்தில் வைத்தார். மாரியம்மன் படம், திருநீற்றுக் கொட்டான், அதற்குப் பக்கத்தில் தெர்மாமீட்டர். “இனிமே இந்த வீட்ல யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் திருநீறும் உண்டு, இதுவும் உண்டு. நூத்தி ரெண்டைத் தாண்டினா ஆஸ்பத்திரி. அதுல பேச்சே கிடையாது” என்றார். அப்பாயி அன்று ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒரு நாளும் அதை மறுத்துச் சொன்னதில்லை.

அடுத்த ஆண்டு, 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை, சூரிய கிரகணம். முழு நிழல் கார்வார், ஹைதராபாத், பூரி வழியாகப் போனது. நாங்கள் அந்தப் பாதைக்குத் தெற்கே இருந்தோம். சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. அம்மா அப்போது என் தம்பியைச் சுமந்துகொண்டிருந்தார். அப்பாயி மத்தியானமே லைன் வீட்டின் கதவைச் சாத்தி, இடுக்குகளில் கோணிச்சாக்கைத் திணித்து, தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய்ச் சட்டியிலும் தர்ப்பை போட்டார். அம்மாவை ஓர் அசைவும் இல்லாமல் படுக்கச் சொன்னார். அசைந்தால் குழந்தைக்கு அங்கம் கோணும், கத்தியைத் தொட்டால் உதடு பிளக்கும். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. இருட்டில் அம்மாவின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வரிசையில் இருந்த எல்லா லைன் வீடுகளும் அப்படித்தான் மூடிக் கிடந்தன. நாட்டின் பெரிய நகரங்களிலேயே அன்று தெருக்கள் ஆளில்லாமல் வெறிச்சோடின.

அப்பா மட்டும் வெளியே இருந்தார். மஞ்சள் கரைத்த தண்ணீரை ஒரு தாம்பாளத்தில் வைத்து, அதில் தெரிந்த பிம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மழை இல்லை. நோட்டில் ‘நில்’ என்று எழுதிய வரிக்குப் பக்கத்திலேயே “நாலு மணிக்கு முன்னால் வெளிச்சம் மங்கியது, குருவிச் சத்தம் அடங்கியது” என்று ஒரு குறிப்பும் எழுதினார். அவரை யாரும் எழுதச் சொல்லவில்லை.

தம்பி எந்தக் குறையும் இல்லாமல் பிறந்தான். கதவை அடைத்ததால்தான் என்று அப்பாயி சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு குழந்தையை வைத்து அந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்பதைப் பள்ளிக்கூடத்தில் கற்காமலேயே அவர் அறிந்திருந்தார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அதே 1980ஆம் ஆண்டு மே 8ஆம் தேதிதான் பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என்று உலகச் சுகாதார அமைப்பு அறிவித்தது. அம்மைக்குப் பயந்தே மக்கள் மாரியம்மனைக் கும்பிட்டார்கள் என்றால், நோய் போனதோடு அவளும் போயிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் அவளுக்குக் கோயில் பெருகியது. சிலோன்காரர்கள் என்று எங்களை ஒதுக்கிவைத்துப் பேசிய மலையில், கடல் தாண்டி வந்த சனம் வருடத்துக்கு ஒரு முறை ஒன்றுகூடித் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ள அந்தத் திருவிழா ஒன்றுதான் இருந்தது. மாரி என்றால் மழை. மழையை நம்பிய பிழைப்புக்கு அவளிடம் பேச நிறைய விஷயம் மிச்சமிருந்தது.

அன்றைக்கும் அன்று

இந்த மலைக்கு அதற்கும் முந்தைய ஒரு கிரகணம் உண்டு. 1871 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை காலை. முழு நிழல் மலபார்க் கரையின் பேக்கல் கோட்டையில் ஏறி, மானந்தவாடி, தொட்டபெட்டா, அவிநாசி, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணத்துக்குப் போனது. மானந்தவாடிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில்தான் நாடுகாணி இருக்கிறது. அந்த நிழல் எங்கள் சரிவையும் தொட்டுத்தான் போயிருக்கும்.

அதைப் பார்ப்பதற்கென்றே ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தார்கள். நார்மன் லாக்யர் பேக்கலில் நின்றார். டெனன்ட், ஹெர்ஷல் ஆகிய இரு ராணுவ அதிகாரிகள் தொட்டபெட்டா உச்சியில் கருவிகளை நிறுத்தினார்கள். பிரான்சின் ஜூல் ஜான்சன் வானம் தெளிவாக இருக்கும் இடத்தைத் தேடி அலைந்து, நீலகிரியின் சோலூரைத் தேர்ந்தார். சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவளையத்தின் நிறமாலையில் கறுப்புக் கோடுகளை அவர் அங்கேதான் கண்டார். அந்த ஒளியில் ஒரு பகுதி, சூரிய வெளிச்சம் தூசியில் பட்டுச் சிதறி வருவது என்பதற்கு அது அடையாளம். மலையில் ஓரிடத்தில் ஒருவர் நிறமாலைக் கருவியில் கண்ணை வைத்திருந்தார். அதே நேரத்தில் எத்தனையோ குடிசைகளில் கதவு சாத்திக் கிடந்திருக்கும். ஒரே நிழல்தான் இரண்டு பேர் மேலும் விழுந்தது.

வெள்ளைக்காரர் கையில் அறிவியலும் நம்மவர் கையில் நம்பிக்கையும் இருந்தன என்று இதைப் படித்தால் அது தவறு. 1871 கிரகணத்துக்கு அவிநாசிக்குப் போன சென்னை வானாய்வகக் குழுவில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி இருந்தார். 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தவர் அவர். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அவரே பஞ்சாங்கமும் கணித்தார். பழைய வாய்பாடுகளின்படி வரும் கிரக நிலை, கண்ணால் வானத்தில் பார்க்கும் நிலையோடு பொருந்தாமல் விலகிப் போயிருந்தது. பார்வைக்கு ஒத்துவரும் கணக்கே சரி என்று அவர் நின்றார். திருக்கணிதம் என்று இன்று நாம் சொல்வதன் மூலச்சொல் ‘த்ருக்’. பார்வை என்று பொருள். தர்ப்பணம் செய்ய நாள் தேடுகிறவர்களுக்காகவே அந்தக் கணக்கு திருத்தப்பட்டது.

இன்னும் பின்னால் போனால் 1825. ஜான் வாரன் என்ற அளவையாளர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். ஏடு இல்லை, எழுத்து இல்லை. மனப்பாடமான வாக்கியங்களை முணுமுணுத்தபடி, தரையில் சோழிகளை நகர்த்தி நகர்த்தி, வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார் அவர். தொடக்க நேரம் சில நிமிடப் பிழைக்குள் வந்தது. முடிவு நேரம் முக்கால் மணிக்கு மேல் தப்பியது. அந்தக் கணக்கில் பாம்பு கிடையாது. பூமியின் நிழலும் சந்திரனின் பாதையும்தான் உண்டு. ஆரியபடர் 499ஆம் ஆண்டு வாக்கில் சொல்லிவைத்த நிழல் அது. கணித்தவர் கிரகணம் விட்டதும் போய்க் குளித்திருப்பார்.

ஆக, கும்பிடும் கையும் கணக்குப் போடும் கையும் ஒன்றாக இருந்தது நமக்குப் புதிதல்ல. ஆனால் கணக்கு சிலருடைய வீட்டில் பூட்டிக் கிடந்தது. பலருடைய வீட்டுக்கு வந்து சேர்ந்தது பயம் மட்டும்தான். நிழல் என்று அறிந்தவர் ‘நிழல்தான்’ என்று அப்பாயியிடம் வந்து சொல்லவில்லை. பெண்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் கணக்கு எதற்கு என்று இருந்த காலம் அது. மதத்தைக் கடுமையாகத் தாக்கிய பகுத்தறிவாளர்களின் கோபத்தில் உள்ள நியாயம் எனக்கு இங்கேதான் புரிகிறது. அறிவைப் பூட்டிவைத்துப் பயத்தை மட்டும் விநியோகித்த ஏற்பாட்டின் மேல் வந்த கோபம் அது.

நடுவில் நடந்தது

பூட்டு ஒரே நாளில் உடையவில்லை. 1976இல் நிறைவேறிய 42ஆவது திருத்தம், அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டத்தில் எழுதியது. எழுத்து மலையேறி வர நாளாயிற்று. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்றவை பள்ளிக்கூடத் திண்ணைகளில் வந்து உட்கார்ந்தபோதும், எங்கள் தலைமுறையில் பெண் பிள்ளைகள் பத்தாவது தாண்டியபோதும்தான் அது வந்து சேர்ந்தது.

இங்கே எனக்கு மிகவும் கற்றுக்கொடுத்தது பணியர் பழங்குடி வீடுகளின் கதை. மழையும் குளிரும் கூடும் மாதங்களில் அந்தக் குடியிருப்புகளில் சில பிள்ளைகளுக்கு எலும்புக்குள் வலி புகும். மூட்டு வீங்கும், கண் மஞ்சளாகும், அழுது அழுது துவண்டுவிடுவார்கள். முன்னோர் கோபம் என்று சிலர் சொன்னார்கள். ஏவல் என்று சிலர் சொன்னார்கள். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் அரிவாள் வடிவச் சிவப்பணுவைக் கண்டு எழுதியிருந்தார்கள். இந்தியாவில் முதல் தடவையாக அது பதிவானது இந்த மலையில்தான். ஆனால் அந்தச் செய்தி வெளிநாட்டு மருத்துவ இதழில் இருந்தது. அது யாருடைய இரத்தமோ அவர்களுக்குத் தெரியவில்லை.

1990இல் கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை வந்த பிறகு, அவர்கள் வீட்டுப் பெண்களே செவிலியராகவும் ஊர் ஊராகப் போகும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்சி பெற்ற பிறகு, அந்த வலிக்குப் பெயரும் மாத்திரையும் பரிசோதனையும் வீட்டு வாசலுக்கு வந்தன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறை பிள்ளைக்கு வந்தால்தான் நோய் முற்றும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அது மலேரியாவிலிருந்து காக்கும் கவசம். காய்ச்சல் காடு என்று பெயர் வாங்கிய வயநாட்டுச் சரிவில் அவர்களுடைய முன்னோர் தாக்குப்பிடித்ததற்கு அந்த இரத்தமும் ஒரு காரணம். முன்னோர் கோபம் என்று நினைத்த ஒன்று, முன்னோர் உயிர் பிழைத்த கதையாக மாறியது. மழைக்காலத்தில் வலி வரும் என்று அவர்கள் கவனித்து வைத்திருந்ததும் சரிதான். குளிரும் உடலில் நீர் வற்றுவதும் அந்த வலியைத் தூண்டும். கவனிப்பு சரியாக இருந்தது. காரணம் மட்டும்தான் மாறியது. இன்றும் அந்த வீடுகளில் முன்னோருக்குப் படைக்கிறார்கள். பிள்ளைக்கு மாத்திரையும் கொடுக்கிறார்கள். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கம், 2047க்குள் அரிவாளணு நோயை ஒழிப்பதை இலக்காக வைத்திருக்கிறது. அந்த இலக்கை எட்டினாலும் படையல் நிற்காது என்றுதான் நினைக்கிறேன். நிற்க வேண்டிய அவசியமும் இல்லை.

இன்று

2019ஆம் ஆண்டை இந்த மலை மறக்காது. ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் பெய்தது. எங்களுக்குக் கீழே நிலம்பூர்ப் பக்கத்துக் கவளப்பாறையில் மலை சரிந்து 59 பேரைப் புதைத்தது. நாடுகாணிச் சாலையில் மண் சரிந்து வண்டிகள் நின்றன. செப்டம்பர் 7ஆம் தேதி அதிகாலையில் சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவில் மோதியது. இஸ்ரோவின் தலைவராக இருந்த கே. சிவன், குமரி மாவட்டத்துச் சரக்கல்விளை விவசாயி வீட்டுப் பிள்ளை. ஏவுவதற்கு முன்னால் திருமலைக்கும் உடுப்பிக்கும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தவர். வேண்டுதல் இருந்தது, கலம் விழுந்தது. பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். வேகத்தைக் குறைக்கும் கட்டத்தில் ஏற்பட்ட வேறுபாடு, வடிவமைப்பின் எல்லையை மீறிவிட்டது என்று எழுதினார்கள். அந்த அறிக்கையில் தெய்வத்தின் மேல் குற்றமும் இல்லை, விதியின் மேல் பழியும் இல்லை. அடுத்த கலத்தை, எதெது தவறக்கூடும் என்று கணக்கிட்டுக் கட்டினார்கள். அப்போதும் திருமலைக்குப் போனார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருக்க, சந்திரயான்-3 இறங்கியது. அப்பாவின் முற்றத்தில் நான் பார்த்த ஒழுக்கம்தான் இது.

அந்த 2019 டிசம்பர் 26 காலை, வளையச் சூரிய கிரகணத்தின் பாதை மறுபடியும் எங்கள் தலைக்கு மேலே வந்தது. சபரிமலையில் நடை சாத்தியிருந்தார்கள். கர்நாடகப் பக்கமிருந்து நிலம்பூருக்கு இறங்கும் ஐயப்ப சாமிமார் வண்டிகள் முச்சந்தியில் நின்றுகொண்டிருந்தன. கிரகணம் விடும்வரை சாப்பிடுவதில்லை என்று சிலர் டீக்கடையில் ஒதுங்கியிருந்தார்கள். பள்ளி விடுமுறைதான் என்றாலும் என் மாணவர்கள் வந்துவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெறிச்சோடிக் கிடந்த அதே மலையில், கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றோம். கறுப்பு வேட்டி கட்டிய ஒரு சாமி கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். வளையத்தைப் பார்த்தார். “சாமியே” என்று அவர் வாயிலிருந்து வந்தது. கண்ணாடியைத் திருப்பித் தரும்போது, அடுத்தது எப்போது என்று கேட்டார்.

என் மகள் அப்போது பேறுகாலத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மாவுக்கும் அவளுக்கும் முதல் நாள் இரவே பேச்சு நடந்து முடிந்திருந்தது. “வெளிய வரவேணாம்டா கண்ணு, என் மனசு கேக்காது. ஆனா வெறும் வயித்தோட இருக்காத. நல்லாச் சாப்பிடு, தண்ணி குடி” என்றார் அம்மா. கிரகணம் வயிற்றுப் பிள்ளையை ஒன்றும் செய்யாது என்று மகள் விளக்கினாள். அம்மா கேட்டுக்கொண்டார். “தெரியுது. இருந்தாலும் எனக்காக” என்றார். மகள் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கைபேசியில் நேரலை பார்த்தாள். அறிவு தோற்கவும் இல்லை, அன்பு தோற்கவும் இல்லை. தண்ணீர் கிடைத்தது. 1980க்கும் 2019க்கும் நடுவில் என்ன மாறியது என்று கேட்டால், அந்த ஒரு டம்ளர் தண்ணீரைத்தான் காட்டுவேன்.

ஒன்பதரை மணி வாக்கில் மேகம் வந்து வந்து மறைத்தது. அது விலகிய இடைவெளியில் சில்வர் ஓக் மரத்தடி முழுவதும் வளையல் கொட்டியது போலச் சின்னச் சின்ன ஒளிவளையங்கள் விழுந்தன. ஒவ்வொரு இலையிடுக்கும் ஓர் ஊசித்துளைக் கேமரா. வானத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. நான் ஓடிப்போய் அம்மாவை அழைத்தேன். யோசித்தார். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலிறங்கி வந்தார். 1980இல் கோணிச்சாக்கு அடைத்த இருட்டில் தாகத்தோடு படுத்திருந்தவர், தன் சேலை மேல் வளையம் வளையமாகச் சூரியன் விழுவதைக் குனிந்து பார்த்தார். கையை நீட்டி உள்ளங்கையில் ஒரு வளையத்தை ஏந்தினார். “இவ்வளவு அழகையா உள்ள வச்சு மூடுனாங்க” என்றார். கிரகணம் விட்டதும் தலைமுழுகி, விளக்கேற்றி, மாரியம்மனுக்குச் சூடம் காட்டினார்.

எந்த மட்டத்தில்

பக்தி குறையாமலே பயம் குறைந்திருக்கிறது. எங்கள் வீட்டில் நான் கண்ட மாற்றம் அதுதான். ஆனால் பயம் ஒரு வாசலை மூடினால் இன்னொரு வாசலில் வந்து நிற்கும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் போட வேண்டும். தங்கையைக் கொன்ற நோய்க்கான ஊசி, எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்தது. ஆனால் படித்த பெற்றோர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். எந்தக் கோயிலும் தடுக்கவில்லை, எந்தப் பூசாரியும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த வதந்தி போதுமாக இருந்தது. மாநிலம் முழுவதும் இதே சிக்கல். முகாமின் நாட்களை நீட்டிக்க வேண்டிவந்தது. அறிவியலுக்கு எதிரி மதம் மட்டும்தான் என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த மாதம் ஒரு பாடம். மதம் இல்லாத வீட்டிலும் பயம் கண்ணை மட்டத்திலிருந்து விலக்கும்.

இரண்டும் சேர்ந்து வாழ முடியுமா என்ற கேள்விக்கு நம் மண்ணின் பெரிய சாட்சி ராமானுஜன். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் தருகிறாள் என்று அவர் நம்பினார். ஹார்டி அந்தக் கனவோடு சண்டைக்குப் போகவில்லை; நிரூபணத்தைத்தான் கேட்டார். பகா எண்களைப் பற்றி ராமானுஜன் தொடக்கத்தில் எழுதியவற்றில் சில தவறு என்று தெரிந்தது. எங்கிருந்து வந்தது என்பதற்காக எந்தச் சூத்திரத்துக்கும் சலுகை கிடைக்கவில்லை. தாள் மேல் நின்றது நின்றது; நிற்காதது போனது. நாமகிரித் தாயாருக்கு அதனால் ஒரு குறைவும் வரவில்லை.

தெய்வம் எந்த வாசல் வழியாகவும் வரலாம். ஆசையாக, ஆறுதலாக, கனவாக வரலாம். அளவுக் கண்ணாடிக்குள் மட்டும் கையை விடக் கூடாது. இந்த எல்லையை ஒப்புக்கொள்ளும் நம்பிக்கையோடு அறிவியலுக்குச் சண்டை இல்லை. ஒப்புக்கொள்ளாத நம்பிக்கையோடு சமாதானம் பேசவும் கூடாது, ஏனென்றால் அங்கே ஒரு குழந்தைக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருக்கும். அறிவியலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கை இறந்தது நிமோனியாவால் என்று அது எனக்குச் சொல்லும். அம்மா ஏன் இன்றும் ஆடி மாதத்தில் ஒரு சின்னப் பாவாடையை வைத்துப் படைக்கிறார் என்பதற்கு அதனிடம் கருவி இல்லை. அந்தப் பாவாடைக்கு முன்னால் நானும் கும்பிட்டு நிற்கிறேன்.

2024 ஜூலை 30. பந்தலூருக்கு அப்பால் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை இரண்டும் இரவோடு இரவாக மண்ணுக்குள் போயின. 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் பெய்ததாகக் கணக்கு வந்தது. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்களைப் போலத் தேயிலையை நம்பி வாழ்ந்த சனம் அதில் நிறைய. சாலியாறு உடல்களை நிலம்பூர்ப் பக்கத்துப் போத்துக்கல்வரை இழுத்துவந்தது. நாடுகாணி வளைவில் நின்றால் தெரிகிற அதே காட்டுக்குள்ளேதான். மலையில் ஆங்காங்கே மழைமானி வைத்து, தினமும் அளவைச் சேர்த்துப் பார்த்துவந்த கல்பற்றாவின் ஹியூம் மையம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அளந்த எண் இருந்தது. அது உரிய நேரத்தில் உரிய கதவுகளைத் தட்டவில்லை. 1952இன் இரத்தக் கணக்கும் 1825இன் சோழிக் கணக்கும் பட்ட அதே பாடு.

அப்பா போய்ப் பல வருடமாகிறது. வாசலில் இப்போது நான் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக்கில் செய்தது, மில்லிமீட்டர் கணக்கு. சாமி மாடத்தில் அவர் வாங்கிய தெர்மாமீட்டர் இன்னும் உறையோடு இருக்கிறது. அந்த ஜூலை 31ஆம் தேதி காலை, வெளியே இன்னும் பெய்துகொண்டிருந்தது. அம்மா குளித்துவிட்டு விளக்கேற்றினார். சூரல்மலையில் செத்தவர்களுக்காக வெகுநேரம் கண்மூடி நின்றார். நான் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீரின் நடுக்குழிக்கு நேராகக் கண்ணை வைத்தேன்.

சூடத் தட்டோடு அம்மா என் பின்னால் வந்து நின்றார். என் நெற்றியில் திருநீற்றை இட்டுவிட்டுக் கேட்டார்:

“எவ்வளவுய்யா இருக்கு?”